மீட்டலும் மெய்ம்மையும்: பழைய வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பழுதுற்ற பொருளைச் சீர்செய்தல் நற்செயல் என்பது பொதுவாக ஐயத்துக்கு இடமற்ற கருத்தாகவே கொள்ளப்படுகின்றது. ஒழுகும் கூரையை வேய்பவனையும், செல்லரித்த ஏட்டைப் படியெடுப்பவனையும், உடைந்த கலப்பையைப் பொருத்துபவனையும் எவரும் குறைகூறுவதில்லை. எனினும், சீர்செய்யப்படும் பொருள் தன் பயன்பாட்டுக் காலத்தைக் கடந்து, சென்ற காலமொன்றின் சான்றாக எஞ்சியிருக்குமாயின் நிலைமை சிக்கலாகின்றது. அதனை மீண்டும் இயங்கச் செய்பவன் அப்பொருளைக் காப்பாற்றுகின்றானா, அன்றி அதன் பெயரால் வேறொன்றை ஆக்கிவைக்கின்றானா? கட்டடங்களையும் ஓவியங்களையும் பற்றி இவ்வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின், கலைப்பொருள் என்னும் மதிப்பைப் பெறாத ஓர் எளிய வீட்டுச் சாதனத்தில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது. அச்சாதனம் வால்வுகளால் இயங்கிய பழைய தொலைக்காட்சிப் பெட்டியாகும்.

இலங்கை வாசகருக்கு வால்வு என்பது வானொலிப் பெட்டியோடு சேர்ந்த நினைவு. இந்நாட்டில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அப்போது திரான்சிற்றர்கள் வால்வுகளின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டிருந்தன. ஆகவே வால்வுத் தொலைக்காட்சியின் வரலாற்றைப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலுமே காணல் வேண்டும். பி.பி.சி. நிறுவனம் 1936 நவம்பர் 2ஆந் திகதி இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பெயர்ட் என்பவரின் 240 வரி முறையும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் சில மாதங்கள் மாறிமாறிக் கையாளப்பட்டு, 1937இல் 405 வரி முறை மட்டும் நிலைபெற்றது. போர் மூண்டமையால் 1939 செப்டெம்பர் 1ஆந் திகதி நிறுத்தப்பட்ட சேவை 1946 யூன் 7ஆந் திகதியே மீண்டும் தொடங்கிற்று. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1939ஆம் ஆண்டின் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் தன் பெட்டிகளை மக்கள் முன் வைத்தது. அக்காலப் பெரிய படக்குழாய்கள் கழுத்து நீண்டவையாதலால் சில பெட்டிகளில் அவை நிமிர்த்தி நிறுத்தப்பட்டன. பார்ப்போர், திறந்த மூடியின் உட்புறத்துக் கண்ணாடியில் தெரியும் படத்தையே கண்டனர்.

இப்பெட்டிகளின் சிறப்பு அவற்றின் பழைமையால் மட்டும் ஏற்பட்டதன்று. தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஒளிபரப்பானவை பெரும்பாலும் நேரடி நிகழ்ச்சிகள். பதிவு செய்யப்படாமலே அவை காற்றில் கலந்தன. ஆடியோரும் பாடியோரும் மறைந்தனர். ஆட்டமும் பாட்டும் மறைந்தன. அவற்றை ஏற்று ஒளிர்ந்த பெட்டிகளிற் சில மட்டுமே எஞ்சின. வால்வு ஒவ்வொன்றின் தாங்கியிலும் கையாற் பற்றவைக்கப்பட்ட இணைப்புகளும், சோதனையாளர் இட்ட அடையாளங்களும், முன்னொரு காலத்துத் திருத்துநர் அவசரத்தில் மாற்றிய உறுப்பும் அவற்றினுள் அப்படியே உள்ளன. எந்த ஏட்டிலும் பெயர் எழுதப்படாத தொழிலாளரின் கைவேலைக்கு அவை சாட்சியாகும். இச்சாட்சியே பின்வரும் சிக்கல் அனைத்துக்கும் மூலமாகின்றது.

மீட்பவனின் தொழில் எத்தகையது என்பதை முதலில் அறிதல் தகும். பல ஆண்டுகள் மூலையிற் கிடந்த பெட்டியை மின்னோடு நேரே இணைப்பது அதனை அழிப்பதற்கு ஒப்பாகும். மெழுகிட்ட கடதாசியாலான கொள்ளளவிகள் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடும். மின்பகு திரவம் கொண்டவை உலர்ந்து தம் தன்மையை இழந்திருக்கும். கம்பிகளை மூடிய இறப்பர் தொட்டவுடன் உதிரும். இந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் நிலைமாற்றி எரிந்துபோதல் கூடும். ஆகையால் பழுதுற்ற கொள்ளளவிகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன, தடையிகள் அளக்கப்படுகின்றன, பின்னரே மின்னழுத்தம் சிறிது சிறிதாகக் கூட்டப்படுகின்றது. உயிருக்கு ஆபத்தும் உண்டு. போருக்கு முற்பட்ட பெட்டிகளில் படக்குழாய்க்கு வேண்டிய பல்லாயிரம் வோற்று மின்னழுத்தம் நேரே மின்வழங்கலின் நிலைமாற்றியிலிருந்து பெறப்பட்டது. அதனைத் தொட்டவர் பிழைத்தல் அரிது. படக்குழாயோ உள்ளே வெற்றிடமாதலின், உடையுமிடத்து உள்நோக்கி நொறுங்கிக் கண்ணாடிச் சிதறல்களை எங்கும் வீசும். இவ்வளவு இடரையும் பொறுமையையும் வேண்டும் ஒரு தொழிலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை.

மீட்பவர் பலரும் தம் தொழிலுக்குக் கூறும் நியாயம் எளிதானது. தொலைக்காட்சிப் பெட்டி படம் காட்டுவதற்கென ஆக்கப்பட்டது. படம் காட்டாத பெட்டி வெறும் மரமும் கண்ணாடியுமே என்பது அவர் கருத்து. ஒரு பொருளின் நன்மை அதன் செயலில் உள்ளது என்று அரித்தோட்டில் முதலியோர் கொண்ட கொள்கை இதற்கு அரணாகும். பேணிக் காக்கப்பட்டும் இயங்காத பெட்டி வல்லுநருக்கன்றிப் பிறருக்கு எதனையும் கூறுவதில்லை. இயங்கும் பெட்டியோ, இழை சூடேறும்வரை பொறுத்திருந்து, ஒலி முதலில் எழுந்து, பின்னர்ப் படம் மெல்லத் தோன்றுவதைக் காட்டுகின்றது. அக்காலத்தவர் எவ்வளவு சிறிய படத்தை, எவ்வளவு இருண்ட அறையில், எவ்வளவு வியப்போடு பார்த்திருப்பர் என்பதை ஒரு கணத்தில் உணர்த்துகின்றது. இதுவும் ஒருவகை வரலாற்றறிவே; நூலால் இதனைத் தர இயலாது.

இதற்கு மறுதலையான கருத்தும் வலிமை வாய்ந்தது. யோன் றஸ்கின் 1849இல் வெளியிட்ட கட்டடக்கலை பற்றிய நூலில், பழைய கட்டடத்தை மீட்டமைத்தல் என்பது அதன் அழிவேயன்றி வேறன்று என வாதித்தார். இறந்தவரை எழுப்புதல் போலவே அதுவும் இயலாத செயல் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரு கல்லில் உள்ள சிற்பியின் கைத்தடம் அச்சிற்பிக்கே உரியது. அக்கல்லை மாற்றுபவன் வடிவத்தை மீளப்பெறலாம், அக்கையை மீளப்பெற முடியாது. 1964இல் உருவான வெனிஸ் சாசனம் இக்கருத்தைச் சற்றுத் தணித்து ஏற்றுக்கொண்டது. இழந்த பகுதிக்குப் பதிலாக வைக்கப்படும் பகுதி முழுமையோடு இயைந்திருத்தல் வேண்டும். ஆயினும் மூலப்பகுதியினின்றும் வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சான்றைப் பொய்யாக்கலாகாது என்பதே அவ்விதியின் நோக்கம்.

இவ்விரு கருத்துகளும் தொலைக்காட்சிப் பெட்டியினுள் மிகச் சிறிய ஓர் உறுப்பிலே மோதிக்கொள்கின்றன. அது மேற்கூறிய கடதாசிக் கொள்ளளவி. அதற்குப் பதிலாக இக்காலத்துச் சிறிய கொள்ளளவியை வெளிப்படையாகப் பொருத்துதல் எளிது. பெட்டி நன்றாக இயங்கும். ஆனால் அடிச்சட்டத்தைத் திருப்பிப் பார்ப்பவனுக்கு அதன் பழந்தோற்றம் கெட்டுப்போயிருக்கும். எனவே நுணுக்கம் மிக்க மீட்பாளர் வேறொரு வழியைக் கையாளுகின்றனர். பழைய கொள்ளளவியைச் சூடாக்கி மெழுகை உருக்கி, உள்ளிருக்கும் சுருளை வெளியே எடுத்து, வெற்றுக் கடதாசிக் குழலினுள் புதிய கொள்ளளவியை வைத்து, இரு முனைகளையும் மீண்டும் மெழுகால் அடைத்துவிடுகின்றனர். வெளியே 1946ஆம் ஆண்டு; உள்ளே நேற்று வாங்கியது. பார்ப்போர் எவரும் வேறுபாட்டை அறியார்.

இது தோற்றத்துக்குச் செய்யும் மரியாதையா, அன்றிப் பொய்யா? செய்தவன் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வான். ஆதலால் இதில் குற்றமில்லை என்று வாதிக்கலாம். ஆயின் இவ்வாதம் ஒன்றை மறக்கின்றது. மனிதன் தான் கூறும் சொல்லைத் திருத்தவும் விளக்கவும் உடனிருக்கின்றான். பொருளோ அவனைப் பிரிந்து செல்கின்றது. பெட்டி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும், மீட்டவன் இறப்பான், அவன் வாயால் மட்டும் கூறிய உண்மை அவனோடு மறையும். ஐம்பது ஆண்டுகளின் பின் அதனைத் திறக்கும் ஆராய்ச்சியாளன், 1946இல் செய்த கொள்ளளவிகள் இத்துணைக் காலம் பழுதுறாமல் நின்றன எனத் தவறாக முடிவு செய்வான். எண்ணத்தில் பொய் இல்லாதபோதும் பொருளில் பொய் தங்கிவிடுகின்றது. ஆகவே இவ்விடத்து அறம் எண்ணத்தின் தூய்மையோடு நிறைவுறுவதில்லை. விளைவை நோக்கிய கவனத்தையும் அது வேண்டி நிற்கின்றது.

மாற்றங்கள் பெருகப் பெருக, அது பழைய பெட்டியேதானா என்ற வினாவும் எழும். புளூட்டார்க் கூறும் தீசியஸின் கப்பல் மெய்யியல் மாணவர் நன்கறிந்தது: பலகைகள் யாவும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னும் அது அதே கப்பல்தானா? தோமஸ் ஹொப்ஸ் 1655இல் இதற்கு ஒரு முடிச்சை மேலும் இட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அவற்றால் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று வினவினார். மீட்பாளர் சிலர் கழற்றிய உறுப்புகளை ஒரு பையிலிட்டுப் பெட்டியின் அடியிலேயே வைத்துவிடுகின்றனர். ஹொப்ஸின் இரண்டாவது கப்பல் இவ்வாறு முதலாவதன் வயிற்றிலேயே கிடக்கின்றது. மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேனர், சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேராகா. அவற்றின் கூட்டுக்கு வழங்கும் பெயரே தேர் என்று அரசனுக்கு விளக்குகின்றார். அவ்வாறாயின் பெட்டி அதேதானா என்ற வினா பெயர் வழக்கைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். ஒருமைப்பாடு பற்றிய வினா எவ்வாறு தீரினும் நேர்மை பற்றிய வினா தீராது என்பதே இங்கு மனங்கொளத்தக்கது. அதே கப்பல் என ஒப்புக்கொண்டாலும், எந்தப் பலகை எப்போது மாற்றப்பட்டது என்பதை மறைக்க எவருக்கும் உரிமை உண்டாவதில்லை.

இவ்வுண்மையைத் தமிழர் தம் கோயில் மரபிலே கண்டுகொள்ளலாம். சீரணோத்தாரணம் எனப்படும் திருப்பணியின்போது பாலத்தாபனம் செய்யப்பட்டு, வேலை முற்றியபின் கும்பாபிடேகம் நிகழ்கின்றது. பழைய கல் போய்ப் புதிய கல் வருவது அங்கு மறைக்கப்படுவதில்லை. நாள் குறிக்கப்படுகின்றது, ஊர் அழைக்கப்படுகின்றது, திருப்பணி செய்தோர் பெயர் பொறிக்கப்படுகின்றது, கும்பாபிடேக மலரும் வெளியிடப்படுகின்றது. புதுமை வெளிப்படையாக நிகழ்வதனாலேயே தொடர்ச்சி பொய்யாகாமல் நிற்கின்றது. கோயிலின் மெய்ம்மை கல்லின் பழைமையில் தங்கியிருப்பதாக மரபு கருதாமையால் அது புதுக்கலுக்கு அஞ்சவில்லை. வரலாற்றுச் சான்றாக மதிக்கப்படும் பெட்டிக்கு இத்துணைச் சுதந்திரம் இல்லை. அதன் மதிப்பிற் பெரும்பங்கு பழம்பொருளிலேயே தங்கியுள்ளது. எனினும் மாற்றத்தை அறிவித்தல் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவானது.

இனி, செயலே பொருளின் நன்மை என்ற வாதத்தை மீண்டும் நோக்கலாம். அதில் ஒரு குறை உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி தனித்து இயங்கும் பொருளன்று. தொலைவில் ஒளிபரப்பும் நிலையமொன்று அதற்கு வேண்டும். 405 வரி ஒளிபரப்பு 1985 சனவரியில் பிரித்தானியாவில் முற்றாக நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை 2009 யூன் 12ஆந் திகதி கைவிட்டன. அதன்பின் மீட்கப்பட்ட பெட்டி வானிலிருந்து எதனையும் பெறுவதில்லை. இக்காலச் சமிக்ஞையைப் பழைய முறைக்கு மாற்றித்தரும் ஒரு சிறு கருவியை அதன் பின்னால் இணைத்தே படம் பெறப்படுகின்றது. அதாவது, பெட்டி மீண்டது. பெட்டியின் உலகம் மீளவில்லை. உரிமையாளன் தானே அனுப்புவதைத் தானே பார்க்கின்றான். ஒரே வேளையில் ஊர் முழுவதும் ஒன்றையே பார்த்தது என்னும் அந்நாளைய அனுபவத்தின் உயிர்நிலை மீட்பவனின் கைக்கு அப்பாற்பட்டது. இதனால் மீட்பு வீண் என்பது பொருளன்று. முழுமையான மீட்பு என ஒன்று இல்லை என்பதே பொருள். எந்த மீட்பும் எதையோ கைவிட்டே எதையோ காக்கின்றது.

இத்தெரிவின் கடுமை படக்குழாயில் உச்சம் பெறுகின்றது. கொள்ளளவியை மாற்றலாம், வால்வுகளைத் தேடிப் பெறலாம், படக்குழாய்க்கு வாழ்நாள் வரையறுக்கப்பட்டது. கதோட்டின்மேல் உள்ள ஒட்சைட்டுப் பூச்சு இலத்திரன்களை வெளிவிடும் ஆற்றலைப் பயன்பாட்டால் மெல்ல மெல்ல இழக்கின்றது. ஒளிரும் ஒவ்வொரு மணிநேரமும் எஞ்சிய நேரத்தைக் குறைக்கின்றது. ஆர்.சி.ஏ. 1954இல் ஆயிரம் டொலர் விலையில் வெளியிட்ட சி.ரி.-100 என்னும் வண்ணத் தொலைக்காட்சியில் இன்னுமொரு துன்பம் உண்டு. அதன் படக்குழாயில் கண்ணாடியும் உலோகமும் சந்திக்கும் பொருத்து காலப்போக்கிற் கசிந்து காற்றை உள்ளே விட்டுவிடுகின்றது. இதனால் வெற்றிடம் கெடாத குழாய்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அத்தகைய ஒன்றைப் பெற்றவன் அதனை ஒளிரச் செய்தல் வேண்டுமா? ஒளிரச் செய்தால் அதனைச் செலவழிக்கின்றான். செய்யாவிடின், யாரும் காணாத ஒளியைக் காத்துவைத்து, ஒருநாள் காற்றுப் புகுந்து அது வீணாவதையும் காண நேரலாம்.

பயன்படுத்துவோன் செலவழிக்கின்றான், பயன்படுத்தாதோன் வீணாக்குகின்றான் என்ற இவ்விரட்டை நிலையில் பொதுவிதி ஒன்றை வகுத்தல் அரிது. எனினும் உரிமை பற்றிய எண்ணம் மாறுமாயின் வழி ஓரளவு தெளிவாகும். விலை கொடுத்து வாங்கியமையால் பெட்டி தனதே. தான் விரும்பியவாறு செய்யலாம் என்பது சட்டத்தின் நோக்கிற் பொருந்தும். அறத்தின் நோக்கிற் பொருந்தாது. ஏனெனில் அதனை ஆக்கியோர் ஒரு புறமும் அதனை இனிமேல் அறியப்போவோர் மறுபுறமும் நிற்க, நடுவில் சிறிது காலம் அதனைக் கையில் வைத்திருப்பவனே அவன். கோயிற் சொத்தை ஆளும் தருமகர்த்தாவின் நிலையும் இதுவே. அவன் சொத்தைப் பயன்படுத்தலாம். முடக்கிவைத்தல் அவனுக்கு விதிக்கப்படவில்லை. ஆயின் தனக்கு முன்னிருந்தோருக்கும் பின்வருவோருக்கும் கணக்குக் காட்டும் கடப்பாடு அவனுக்கு உண்டு. உயிரற்ற பொருளுக்கு மனிதன் கடமைப்பட்டுள்ளானா என்ற வினாவுக்கும் இதிலே விடை உண்டு. கடமை பொருளுக்கன்று, பொருளின் வழியாக, கண்ணுக்குத் தெரியாத மனிதருக்கே.

இந்நிலையிலிருந்து சில நெறிகள் பெறப்படும். அருகிப்போன வகையைச் சேர்ந்ததும் எவராலும் திறக்கப்படாததுமான பெட்டி கிடைக்குமாயின் அதனைத் தீண்டாது விடுதலே தக்கது. இயங்கும் பெட்டிகள் பல உள்ளன, முதல்நிலை மாறாத சான்றோ ஒருமுறை போனால் மீளாது. பலவாகச் செய்யப்பட்ட வகையாயின் இயங்கச் செய்தல் நன்று. மாற்றியவை எவை, எப்போது மாற்றப்பட்டன என்பதை எழுதிப் பெட்டியினுள்ளேயே வைத்தல் வேண்டும். கடதாசிக் குழலினுள் புதியதை மறைப்பவன் அக்குழலின் மேலாவது ஆண்டைக் குறித்தல் வேண்டும். பழைய குழாய்கள் சிலவற்றின் திரை நடுவே காணப்படும் பழுப்பு நிறத் தழும்பு, கதோட்டிலிருந்து வந்த பாரமான அயன்கள் பல ஆண்டுகள் ஒரே இடத்தைத் தாக்கியதால் உண்டானது. அதனைக் குறையெனக் கருதிக் குழாயை மாற்றுவதிலும் ஒரு குடும்பம் பார்த்துக் கழித்த மாலைகளின் அடையாளமெனக் கருதி விட்டுவைத்தலே பொருத்தமாகலாம். அரிய குழாயை ஒளிரச் செய்வோன் தனியே கண்டு மகிழாது பலர் காணச் செய்தல் வேண்டும். செலவாகும் ஒளி அப்போது கொடையாகின்றது.

இவையனைத்தினும் விரைவாக அழிவது மற்றொன்றுண்டு, அது கைத்திறன். தேய்ந்த படக்குழாயின் கழுத்தை வெட்டிப் புதிய கதோட்டு அமைப்பைப் புகுத்தி, சூடேற்றிக் காற்றை வெளியேற்றி மீண்டும் அடைக்கும் தொழில் ஒருகாலத்திற் பல நகரங்களில் நடைபெற்றது. தேவை குன்றியமையால் அத்தகைய தொழிலகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எஞ்சியிருந்த ஒன்று 2010இல் மூடப்பட்டது. ஒகாயோ மாநிலத்தின் இலியாட் நகரிலுள்ள ஆரம்பகாலத் தொலைக்காட்சி அரும்பொருளகத்தைச் சார்ந்தோர் அத்தொழிலை மீளக் கற்பதற்கு முயன்றுள்ளனர். இம்முயற்சியின் பொருள் ஆழமானது. பெட்டியை மட்டும் காத்து, அதனைச் சீர்செய்யும் அறிவை இழந்த தலைமுறை, பொருளறியாத மொழியின் ஏட்டைப் பேணும் தலைமுறைக்கு ஒப்பாகும். மீட்பவனின் கைகளில் பழைய பெட்டி மட்டும் மீள்வதில்லை. அதனை ஆக்கியோர் சிந்தித்த முறையும் மீள்கின்றது. றஸ்கின் மீளாது என்று கருதிய கை அதே கையாக மீளாவிடினும், அக்கை கற்ற தொழில் மற்றொரு கைக்குச் செல்லக்கூடும்.

ஆகவே, மீட்டல் நன்றா தீதா என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. காலம் செய்த அழிவை இல்லாததுபோற் காட்டும் மீட்டல் பொய்யாகும். அழிவையும் ஒப்புக்கொண்டு, தன் கைவேலையையும் மறைக்காது, பின்வருவோர் திருத்துவதற்கு இடம்வைத்துச் செய்யும் மீட்டல் மெய்ம்மையோடு பொருந்தும். பழைய பெட்டியொன்றின் சிறிய திரையில் படம் மெல்லத் தெளியும்போது பார்ப்போர் அடையும் மகிழ்ச்சி நியாயமானதே. பின்பலகையைத் திறப்பவனுக்கு உள்ளே ஒரு கடதாசித் துண்டில் மாற்றப்பட்டவற்றின் கணக்கும் எழுதப்பட்டிருக்குமாயின், அம்மகிழ்ச்சி எவருக்கும் கடன்படாத மகிழ்ச்சியாகும்.